கொக்கு மார்க் வண்டி

சென்னையிலிருந்து திருச்சி, மதுரைப் பக்கம் போகிற எல்லோருக்கும் உளுந்தூர்பேட்டையைத் தெரியும். ஆனால், அந்த ஊரில் ஒரு வேலையாக இறங்கியவர்கள் உங்களில் எத்தனை பேர்? சேலம் ரோடு பிரிகிற இடம், டிரைவர் டீ குடிக்கிற இடம், தூக்கம் கலைந்து 'எந்த ஊரு இது?' என்று பக்கத்து சீட்டைக் கேட்கிற இடம். அவ்வளவுதான் பலருக்கு. ஊர் என்னவோ நகராமல் அதே இடத்தில்தான் இருக்கிறது. மாவட்டம்தான் அதன் தலைக்கு மேலே மாறிக்கொண்டே இருக்கிறது. 1993 வரை தென்னாற்காடு, பிறகு விழுப்புரம், 2019-லிருந்து கள்ளக்குறிச்சி.

என் நண்பர் ஒருவர் அங்கே வேலையாக இறங்கினார். என்ன வேலை தெரியுமா? சைக்கிள் தேடுகிற வேலை.

அவர் சென்னைக்காரர். பழைய சைக்கிள்களைத் தேடித் தேடி வாங்குகிறவர். எனக்கு அந்தப் பக்கம் சொந்தபந்தம் உண்டு என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டார். "உங்க ஊர்ப் பக்கம் பழைய ராலே வண்டி இருக்கும் சார். கண்டிப்பா இருக்கும்" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளின கிராமங்கள். பஸ் லேட்டா வந்திருக்கும். அப்போ சைக்கிள் சீக்கிரமே வந்திருக்கும்."

யோசித்துப் பார்த்தால் சரிதான். கரும்பு, மணிலா, உளுந்து விளைகிற தரை. மேடு பள்ளம் கிடையாது. மேற்கே கச்சிராயபாளையம் போய்க் கல்வராயன் மலை அடிவாரத்தைத் தொடும் வரை பெடலுக்குத் தொந்தரவு இல்லை. கர்ணம், வாத்தியார், போஸ்ட்மேன், பால்காரர், மணிலா வியாபாரி என்று எல்லோரையும் சுமந்தது சைக்கிள்தான். ஊருக்கு ஒன்றிரண்டு பேரிடம் மட்டும் 'ராலே' இருக்கும். இன்றைக்குப் பெரிய கார் வைத்திருப்பவருக்கு என்ன மரியாதையோ, அன்றைக்கு அது அவருக்கு.

இப்படி ஒரு கம்பெனியின் வண்டியைத் தேடி அலைகிற பைத்தியம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை என்று நண்பர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பெல்ஜியம் நாட்டில் ஸெடல்ஹெம் என்றொரு சின்ன ஊர். அங்கே க்ளேஸ் என்ற குடும்பத்தார் 'ஃப்ளாண்ட்ரியா' என்ற சைக்கிளைச் செய்தார்கள். அவர்களுடைய அணியில் இருந்த ஃப்ரெடி மார்டென்ஸ் என்ற வீரர் 1976-ல் உலகப் பந்தயத்தையே ஜெயித்தார். 1981-ல் கம்பெனி திவாலானது. இன்றைக்கும் ஐரோப்பாவில் பழைய ஃப்ளாண்ட்ரியாவைத் தேடி, பரணிலிருந்து இறக்கி, பளபளவென்று துடைத்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் கம்பெனியின் கதையைக் கேட்டால் நமக்கு ரொம்பப் பழகின கதையாக இருக்கும். அண்ணன் தம்பிக்குள் சண்டை. 1956-ல் தொழிற்சாலையின் நடுவே சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஃப்ளாண்ட்ரியா, அந்தப் பக்கம் 'சுப்பீரியா'. நம் தெருவில் ஒரே வாசலை இரண்டாக்கி நடுவே செங்கல் வைக்கவில்லையா? அதேதான். பங்காளிச் சண்டைக்குப் பாஸ்போர்ட் வேண்டாம்.

நம் ஊர்க்காரர்கள் தேடுகிற ராலே பிறந்தது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில். ஃப்ராங்க் பௌடன் என்கிற பணக்காரர் 1887-ல் ஒரு சின்னப் பட்டறையை வாங்கினார். பட்டறை இருந்த தெருவின் பெயர் ராலே தெரு. தெருப் பெயரே வண்டிக்கும் ஆயிற்று. வாரத்துக்கு மூன்று வண்டி செய்த இடம், 1950-களின் தொடக்கத்தில் வருஷத்துக்குப் பத்து லட்சம் வண்டி செய்தது. 1932-ல் 'ஹம்பர்' சைக்கிளையும், 1943-ல் 'ரட்ஜ்' சைக்கிளையும் வாங்கிப் போட்டுக்கொண்டது. 2002-ல் நாட்டிங்ஹாமில் சைக்கிள் செய்வதே நின்றுபோனது. தொழிற்சாலை நின்ற நிலத்தில் இன்று பல்கலைக்கழகக் கட்டடங்கள் நிற்கின்றன.

உளுந்தூர்பேட்டையில் நாங்கள் முதலில் போனது ஒரு சைக்கிள் கடைக்கு. பழைய வண்டி தேடுகிறவர்கள் வீடு வீடாகப் போகக் கூடாதாம். ஊரில் இருப்பதிலேயே வயதான மெக்கானிக்கைப் பிடிக்க வேண்டுமாம். எந்த வீட்டில் என்ன வண்டி இருந்தது, அது எப்போது பஞ்சர் ஆனது என்பது வரை அவருக்குத் தெரியும்.

எங்களுக்குக் கிடைத்தவருக்கு எழுபது வயதுக்கு மேல். கடை என்றால் ஒரு தகரக் கொட்டகை, தண்ணீர் நிரப்பிய இரும்புச் சட்டி, தொங்குகிற டயர்கள். ஒரு காலத்தில் மணிக்கணக்கு வாடகைக்குச் சைக்கிள் விட்டவர். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் அவருடைய வாடகை வண்டியில்தான் குரங்கு பெடல் போட்டுப் பழகியவர்களாம். இப்போது காற்று அடிப்பதும் எப்போதாவது ஓர் 'ஓவராயில்' செய்வதும்தான். வண்டியை முழுக்கப் பிரித்து, துடைத்து, பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்துப் பூட்டுவதற்கு நம் ஊரில் ஓவராயில் என்று பெயர். வெள்ளைக்காரன் வேறு என்னவோ சொல்லியிருப்பான். அதைவிட இது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

"ராலேவா? கொக்கு மார்க் வண்டி" என்றார் உடனே. ராலேயின் முன்பக்கத்தில், ஹேண்டில்பாருக்குக் கீழே அடித்திருக்கும் வில்லையில் ஒரு நாரையின் தலை இருக்கும். பல்சக்கரத்திலும் நாரைகளை வெட்டியிருப்பார்கள். இவருக்கு அது கொக்கு. ரட்ஜ் சைக்கிளில் விரித்த கை இருக்கும். "அது கை மார்க். எலெக்சன் நேரத்துல அதை வச்சிருந்தவரை எல்லாரும் கேலி பண்ணுவாங்க, கட்சிக்காரன் வண்டின்னு" என்று சிரித்தார்.

அவர் சொன்ன இன்னொரு விஷயத்தைக் கேளுங்கள். நாட்டிங்ஹாம் ராலேக்குச் சாதாரண உதிரி பாகம் சேராது. பெடல் சுற்றுகிற இடத்தில் இருக்கிற கப், ஹேண்டில்பார் திரும்புகிற இடத்தில் இருக்கிற கப், இவற்றின் மரை மற்ற இங்கிலீஷ் வண்டிகளில் அங்குலத்துக்கு 24. ராலே மட்டும் 26 வைத்துக்கொண்டது. தன் வண்டிக்குத் தன் சாமானே வாங்க வேண்டும் என்கிற கணக்கு.

"பாத்தா ஒண்ணு மாதிரியே இருக்கும். ரெண்டு சுத்து ஏறும். அப்புறம் புடிச்சிக்கும். பழகாத பையன் பலமா திருகி மரையை அழிச்சிடுவான். கை சொல்லணும் சார், இது அது இல்லன்னு."

காலி வண்டியில் வந்து பழைய சைக்கிள் கேட்கிற எங்களைப் பார்த்து, மரை கழன்றவர்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். வாய்விட்டுச் சொல்லவில்லை. பெரிய மனசு.

அவர் மூன்று வீட்டுக்கு வழி சொன்னார்.

முதல் வீடு திருநாவலூர் போகிற வழியில். சுந்தரர் பிறந்த ஊர்ப் பக்கம் என்பதால் நண்பர் ஏதோ நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டார். வண்டி இருந்தது. ஆனால், எப்படி? சக்கரம் இல்லை, ஹேண்டில்பார் இல்லை. மிச்சமிருந்த சட்டத்தைக் கோழிக் கூண்டுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதுவும் ஒரு பிழைப்புத்தான். நண்பர் குனிந்து சாணிக் காகிதம் போலிருந்த துருவைச் சுரண்டி நம்பர் தேடினார். கோழிகள் கோபித்துக்கொண்டன.

இரண்டாவது வீட்டில் வண்டி முழுசாக இருந்தது. முழுசு மட்டுமில்லை, ஓடிக்கொண்டும் இருந்தது. பால் கேன் மாட்டுகிற கொக்கி இரண்டு பக்கமும். பெயிண்ட் நாலைந்து தடவை அடித்து, கடைசியாக வீட்டு ஜன்னலுக்கு அடித்த பச்சையை இதற்கும் அடித்திருந்தார்கள். நண்பர் விலை கேட்டார். ஓட்டுகிறவர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார்.

"இத குடுத்துட்டு நாளைக்குக் காலைல நான் எதுல போறது?"

"புது வண்டி வாங்கிக்கலாமே?"

"நல்லா ஓடுற வண்டிய வித்துட்டு எதுக்குப் புது வண்டி?"

இந்தக் கேள்விக்குச் சென்னையில் யாரிடமும் பதில் இல்லை.

மூன்றாவது வீடு எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். பழைய கர்ணம் வீடு. கணக்குப்பிள்ளை வீடு என்றால்தான் வழி சொல்கிறார்கள். அவர் இறந்து பன்னிரண்டு வருஷமாகிறது. பேரனுக்கு நாங்கள் வருவது முன்னாடியே தெரியும். திண்ணையை ஒட்டிய தாழ்வாரத்தில், சாக்கு போட்டு மூடியிருந்த வண்டியைத் திறந்து காட்டினார்.

கறுப்பு. செயினை முழுக்க மூடிய கவர். கம்பி பிரேக். டைனமோ, முன்பக்கம் முட்டை போல விளக்கு. கொக்கு அதன் இடத்தில் பத்திரமாக இருந்தது. நண்பருக்கு மூச்சு கொஞ்சம் வேகமாகியது. பூதக்கண்ணாடியை எடுத்தார்.

இங்கே ஒரு விவரம் சொல்ல வேண்டும். நாட்டிங்ஹாம் வண்டி என்றால் அதன் வயதைக் கண்டுபிடிக்க வழிகள் உண்டு. சீட்டுக்குக் கீழே குழாயில் அடித்த எண் ஒன்று. மூன்று கியர் வைத்த வண்டியாக இருந்தால் இன்னும் சுலபம். பின் சக்கரத்து ஹப்பில் 'ஸ்டர்மி ஆர்ச்சர்' என்ற பெயரோடு வருஷத்தையே இரண்டு இலக்கத்தில் அடித்திருப்பார்கள். 54 என்றிருந்தால் 1954. சீட்டு 'புரூக்ஸ்' கம்பெனியின் தோல் சீட்டாக இருக்க வேண்டும். இப்படி ஜாதகம் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு வந்தவரின் முகம் மெதுவாக வாடியது.

"என்ன சார்?"

"இங்கிலாந்து இல்ல. அசன்சோல்" என்றார், ஏதோ மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமில்லை என்று தெரிந்துவிட்ட குரலில்.

அசன்சோல் மேற்கு வங்காளத்தில் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டுச் சைக்கிளை அப்படியே இறக்குமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு போட்டது. இங்கே விற்க வேண்டுமா, இங்கேயே செய். அப்படித்தான் 1949-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி, அம்பத்தூரில் ஹெர்குலிஸைச் செய்தது. வடக்கே சோனிபட்டில் 1951-ல் அட்லஸ் வந்தது. சுதிர் குமார் சென் என்கிற வங்காளி, நாட்டிங்ஹாமோடு கைகோத்து அசன்சோலில் 'சென்-ராலே' தொழிற்சாலையை எழுப்பினார்.

அந்தத் தொழிற்சாலைக்கு ஆயுசு கெட்டியில்லை. நஷ்டம் வந்து, நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்டு, கடைசியில் 1980-ல் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டமே போட்டார்கள். பம்பாயின் ஹிந்த் சைக்கிள்ஸையும் அசன்சோலின் சென்-ராலேயையும் நாட்டுடைமையாக்குகிற சட்டம். சென்-ராலே 'சைக்கிள் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா' ஆனது. பெயர் மாறினால் விதி மாறுமா? அதுவும் மூடப்பட்டது. அந்த ஊரில் இன்று 'சென் ராலே ரோடு' என்ற பெயர் மட்டும் மிச்சம். அட்லஸ் கதையும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். அதன் சாகிபாபாத் தொழிற்சாலை 2020 ஜூன் 3 அன்று நின்றது. அன்றைக்கு உலக சைக்கிள் தினம்!

பழைய வண்டி வாங்குகிறவர்களிடம் அசன்சோல் ராலேக்கு மதிப்புக் குறைவு. நகல் என்கிறார்கள். நம் ஊரில் இரும்பை வளைத்து, நம் ஊர்க்காரர் பற்றவைத்து, நம் ஊர் ரோட்டில் அறுபது வருஷம் ஓடிய வண்டி எப்படி நகலாகும் என்று எனக்குப் புரியவில்லை. நாட்டிங்ஹாமில் இருந்து வந்ததுதான் அசல் என்றால், இந்த மண்ணில் அசல் என்று எதைச் சொல்வது?

பேரன் விற்கத் தயாராக இருந்தார். இதற்கு முன்னாலேயே ஒருத்தர் வந்து கேட்டாராம். அவருக்கு முழு வண்டி வேண்டாமாம். "முன்னாடி இருக்கிற அந்தக் கொக்கு மட்டும் குடுங்க. ஆயிரம் ரூபா தரேன். டைனமோவுக்குத் தனியா போட்டுக்கலாம்" என்று சொன்னாராம். இப்படித்தான் நடக்கிறது. முழு வண்டியாக விற்பதைவிடப் பிரித்து விற்றால் லாபம். சீட்டு ஒரு பக்கம், பெல் ஒரு பக்கம், விளக்கு ஒரு பக்கம் போய்ச் சேர்கிறது. மிச்ச எலும்பு எடைக்குப் போகிறது. சில ஓட்டல்களில் சுவரில் ஆணியடித்துச் சைக்கிளை மாட்டி வைத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாப்பிட்டுக்கொண்டே செல்ஃபி எடுத்துக்கொள்ள வசதி.

அப்போதுதான் உள்ளேயிருந்து பாட்டி வந்தார். கணக்குப்பிள்ளையின் மனைவி. எண்பதைத் தாண்டியவர். கையில் வெற்றிலைப் பெட்டி.

"மூக்க மட்டும் அறுத்துக் குடும்பான் ஒருத்தன். நீங்க என்ன கேக்க வந்தீங்க?" என்றார்.

பேரன் நெளிந்தார். "தாத்தா வண்டி ஆயா. சும்மாதானே நிக்குது..."

"யார் சொன்னது தாத்தா வண்டின்னு?"

யாரும் பேசவில்லை.

"எங்கப்பன் எனக்குப் போடறதா சொன்னது அஞ்சு பவுன். மாப்பிள்ள வீட்டுல ராலே வண்டி வேணும்னாங்க. மூணு பவுன் போட்டுட்டு, மீதி ரெண்டுக்கு இத வாங்கி நிறுத்தினாரு. என் கழுத்துல கெடக்க வேண்டியது தாழ்வாரத்துல கெடக்கு. ஊரெல்லாம் கணக்குப்பிள்ளை வண்டி, கணக்குப்பிள்ளை வண்டின்னுச்சு. சொல்லிட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன்."

நண்பர் கையிலிருந்த பூதக்கண்ணாடியை மெதுவாகப் பைக்குள் போட்டார். ஆனாலும் தேடுகிறவர் புத்தி போகுமா? "எந்த வருஷம்னு ஞாபகம் இருக்குங்களாம்மா?" என்றார்.

பாட்டி உள்ளே போய் ஒரு தகர டப்பாவோடு வந்தார். பழைய பிஸ்கட் டப்பா. திறந்து தரையில் கவிழ்த்தார். சலசலவென்று சின்னச் சின்னத் தகடுகள். உங்களில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு வரி உண்டு. பஞ்சாயத்திலோ முனிசிபாலிட்டியிலோ வருஷா வருஷம் பணம் கட்டி வில்லை வாங்கி வண்டியில் மாட்டிக்கொள்ள வேண்டும். வில்லை இல்லாமல் போனால் பிடித்துக்கொள்வார்கள். வருஷம் முடிந்த வில்லையைத் தூக்கிப் போடாமல் அத்தனையையும் எடுத்து வைத்திருந்தார் பாட்டி. வட்டம், சதுரம், முக்கோணம். தேய்ந்துபோன எண்கள். எல்லாவற்றிலும் பழையதில் 1961-62 என்று இருந்தது.

"அந்த வருஷம் தை மாசம் கல்யாணம்" என்றார்.

நாட்டிங்ஹாம் வண்டிக்கு வயதைச் சொல்ல ஹப்பில் முத்திரை இருக்கிறது. அசன்சோல் வண்டிக்கு இந்தத் தகர டப்பா.

பேச ஆரம்பித்த பிறகு பாட்டி நிறுத்தவில்லை. கைப்பிள்ளையாக இருந்த மகனுக்கு ஒரு நாள் ராத்திரி ஜுரம் தலைக்கேறிவிட்டதாம். கணக்குப்பிள்ளை பிள்ளையைத் துண்டால் மார்போடு கட்டிக்கொண்டு, பாட்டியைப் பின்னால் கேரியரில் உட்காரவைத்துக்கொண்டு உளுந்தூர்பேட்டைக்கு மிதித்தாராம். பெண்பிள்ளை புருஷனோடு சைக்கிளில் உட்கார்ந்து போவதை ஊர் வாய் மூடாமல் பேசுகிற காலம். ராத்திரியானதால் பார்க்க ஆளில்லை. "டைனமோ வெளக்கு பாருங்க. சக்கரம் சுத்துனாத்தான் வெளிச்சம். நின்னா இருட்டு. பாதையில பள்ளம் எது மேடு எதுன்னு தெரியாது. அதனால நிக்கவேயில்ல மனுசன். மூச்சு வாங்குது, நிக்கல."

அந்தக் கைப்பிள்ளைதான் பேரனின் அப்பா. பேரன் இந்தக் கதையை முதல் தடவையாகக் கேட்கிறார் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"கடைசியா ஓட்டினது எப்போம்மா?"

"வேலை போனதுக்கு அப்புறம் அவரு அவ்வளவா தொடல."

1980 நவம்பர் 14. எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஓர் அவசரச் சட்டம் வந்து, தமிழ்நாடு முழுக்கப் பரம்பரை பரம்பரையாக இருந்த கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒரே நாளில் ஒழிந்தன. அதற்குப் பதிலாகத் தேர்வு எழுதி வருகிற கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். ஊருக்கு அது நல்லதுதான். கணக்குப் புத்தகம் ஒரே குடும்பத்தின் பெட்டிக்குள் இருப்பது எந்த நாளும் நியாயமில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு மனிதர், தாலுகா ஆபீஸில் கணக்கை ஒப்படைத்துவிட்டு வண்டியை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார் என்பதையும் பாட்டிதான் சொல்ல முடியும். வண்டி செய்த கம்பெனியையும் வண்டி ஓட்டியவரின் பதவியையும் ஒரே வருஷம் கொண்டுபோய்விட்டது. இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது.

நண்பர் மனம் மாறிவிட்டார். அசன்சோலாக இருந்தாலும் பரவாயில்லை, முழு வண்டியாக, நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஒரு ஸ்க்ரூவைக்கூடப் பிரிக்க மாட்டேன் என்றும் சொன்னார். சொன்ன தொகையைக் கேட்டுப் பேரன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பாட்டி கேட்டார். "கொண்டு போயி என்ன பண்ணுவ தம்பி?"

"ஹால்ல வைப்பேம்மா. தொடச்சி, எண்ணெய் போட்டு, கண்ணு மாதிரி பாத்துக்குவேன்."

"ஓட்டுவியா?"

நண்பர் உண்மை பேசுகிறவர். "சென்னை டிராபிக்ல இத ஓட்ட முடியாதும்மா."

"அப்ப இங்கயே நிக்கட்டும். இங்கயும் ஓட்டாமத்தான் நிக்குது."

இதற்கு மேல் என்ன பேசுவது? காபி குடித்தோம். அந்தத் தாழ்வாரத்திலேயே பக்கத்தில் இன்னொரு சைக்கிள் நின்றிருந்தது. கொள்ளுப் பேத்தி பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த சைக்கிள். 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்த திட்டம், பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்தது. நாங்கள் கிளம்புகிற நேரம் அந்தப் பெண் சைக்கிளை எடுத்துக்கொண்டு டியூஷனுக்குக் கிளம்பினாள். யாரையும் கேட்கவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. பாட்டி தெரு முனை வரை பார்த்துக்கொண்டே இருந்தார். தன் இரண்டு பவுனில் வந்த வண்டியில் அவர் ஒரு நாளும் பெடல் மிதித்ததில்லை. கேரியரில் உட்கார்ந்ததுகூட அந்த ஒரு ராத்திரிதானாம்.

திரும்பி வரும்போது காரில் நண்பர் பேசவேயில்லை. விக்கிரவாண்டி தாண்டியதும் சொன்னார்: "இத்தனை வருஷமா நான் யார் செஞ்ச வண்டின்னு மட்டும்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன் சார்."

யார் செய்தது என்பதும் முக்கியம்தான். இல்லாவிட்டால் அசன்சோலில் வேலை பார்த்த கைகளை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? கம்பெனி போனால் அதன் பதிவேடும் போகிறது. ஆனால் வண்டியின் பாதி சரித்திரம்தான் தொழிற்சாலையில் இருக்கிறது. யார் காசில் வந்தது, யாரைச் சுமந்தது, எந்த ராத்திரி நிற்காமல் போனது என்கிற மீதிப் பாதி, இந்த மாதிரித் தாழ்வாரங்களில் இருக்கிறது. கொக்கை மட்டும் பெயர்த்துக்கொண்டு போகிறவர் இரண்டு பாதியையும் ஒரே நேரத்தில் அழித்துவிடுகிறார். மிஞ்சுவது கண்ணாடிப் பெட்டியில் ஒரு வில்லை. எந்த வீட்டு வண்டியின் வில்லை என்று அதற்கே தெரியாது.

நண்பர் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். போகிற ஊரில் எல்லாம், வாங்க முடியாத வண்டிகளைப் பற்றி எழுதுகிறார். சட்டத்து எண், நிறம், எந்த வருஷம், யார் வாங்கிக் கொடுத்தது, எதற்கு. கொக்கின் மீது காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு படி எடுத்துக்கொள்கிறார், நாம் சின்ன வயதில் காலணாவை வைத்துத் தேய்த்த மாதிரி. இதுவரை 23 வண்டி எழுதியாகிவிட்டது. வாங்கியது இரண்டு.

உங்கள் ஊர் வீட்டிலும் கொல்லையிலோ, மாடிப்படிக்குக் கீழேயோ ஒன்று சாத்தி வைத்திருக்கலாம். ராலேயோ, ஹம்பரோ, ஹெர்குலிஸோ, அட்லஸோ, எதுவாகவும் இருக்கட்டும். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பழைய இரும்புக்காரரின் தராசில் ஏற்றுவதற்கு முன்னால், சீட்டுக்குக் கீழே இருக்கிற எண்ணைத் துடைத்து ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டிலேயே வயதான பெண்மணி யாரோ, அவரிடம் போய்க் கேளுங்கள். வண்டி யாருடையது என்று கேட்காதீர்கள். தாத்தாவுடையது என்றுதான் பதில் வரும்.

யார் காசில் வாங்கியது என்று கேளுங்கள்.